பக்கத்து நாற்காலியில் யார்?

சென்ற அத்தியாயம் முழுக்க மண்டை ஓட்டுக்குள்ளேயே இருந்தோம். காபா, குளூட்டமேட், டோபமின் என்று மூளையின் வேதிப்பொருள்களைச் சாராயம் எப்படிக் கலைத்துப் போடுகிறது என்று பார்த்தோம். இனி வெளியே வரவேண்டும். குடியை நிறுத்திய ஒருவர் ஓராண்டு கழித்தும் குடிக்காமல் இருக்கிறாரா என்பதை விளக்க மூளை மட்டும் போதவில்லை. பொழுது சாய்ந்ததும் அவர் யாரோடு உட்கார்கிறார் என்று கேட்டால்தான் மீதி விடை கிடைக்கிறது.

இதைப் பேசுவதற்கு நான் கார் நிக்கோபாரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்னையில் குடியை விட நினைப்பவர் ஒரு போன் போட்டு விசாரித்தால், பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் ஏதாவதொரு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது அநாமதேயக் குடிநோயாளிகள்) மீட்டிங் இருக்கும். அங்கே மனம் ஒட்டவில்லையென்றால் அடுத்த பேட்டையில் இன்னொன்று. கார் நிக்கோபாரில் அப்படி மாற்றி மாற்றிப் போய்ப் பார்க்க முடியாது. போர்ட் பிளேயருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தள்ளி, 127 சதுர கிலோமீட்டர் பரப்பில் தட்டையாகக் கிடக்கும் தீவு அது. 2011 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 17,841. மலாக்கா, மூஸ், பெர்கா, சவாய், அரோங் என்று ஊர்கள் கரையோரமாகச் சுற்றி வருகின்றன. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அது காக்கப்பட்ட பகுதி. வெளியாள் நினைத்த மாத்திரத்தில் கப்பலேறிப் போய் இறங்க முடியாது, பாஸ் வேண்டும். அந்தச் சட்டம் நல்லது, வேண்டியது. ஆனால் குடியை விட்ட அனுபவஸ்தர் நான்கு பேர் சென்னையிலிருந்து புறப்பட்டுப் போய் ஒரு கூட்டத்தைத் தொடங்கிவிட்டு வருவது அங்கே எளிதில் நடக்காது. முளைப்பது உள்ளிருந்துதான் முளைக்க வேண்டும்.

அப்படியானால் ஆதரவுக் கூட்டம் என்பது குறைந்தபட்சம் எதனால் ஆனது? கட்டடம், பணம், நிபுணர், ஆள்கூட்டம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் எது மிஞ்சினால் அது வேலை செய்யும்? ஒரு சிறு தீவு இந்தக் கேள்வியைத் தவிர்க்க விடாது.

கூட்டத்துக்குப் போகும் முன் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இதைத் தள்ளிப்போடாமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உயிர் போகும் விஷயம். பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடித்தவரின் மூளை, சாராயத்தின் அமுக்கத்தை ஈடுகட்டத் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கிறது. அமுக்கம் திடீரென்று நின்றால் முறுக்கு மட்டும் மிஞ்சும். முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு நேரம் காலம் தெரியாத குழப்பமும், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவதும், காய்ச்சலும் சேர்ந்து வரும்; கவனிக்காமல் விட்டால் சாவில் முடியக்கூடிய நிலை அது. ‘இன்றோடு விட்டேன்’ என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வைராக்கியம் காட்டுவது இவர்களுக்கு ஆபத்து. டாக்டர் தரும் மாத்திரைகளும் தயமின் என்ற பி1 வைட்டமினும் இந்த நாட்களைப் பத்திரமாகக் கடத்திவிடும். கார் நிக்கோபாரில் இதற்கான இடம் மலாக்காவில் உள்ள பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை.

அந்தப் பெயரைச் சொல்லும்போது தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி. நிக்கோபாரியர்களின் முதல் பிஷப்பும், முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் உறுப்பினருமான ரிச்சர்ட்சனைச் சிறுவயதில் கண்டெடுத்துப் படிக்க வைத்தவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலமன் என்ற அந்த உபதேசியார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தியவர். ஒருவர் இன்னொருவரைக் கண்டுபிடித்ததில் ஒரு தீவின் போக்கே மாறிய கதை அது.

மருத்துவமனையில் ஒரு வாரம், பத்து நாள். உடம்பிலிருந்து சாராயம் இறங்கிவிடும், கை நடுக்கம் நிற்கும், சாப்பாடு இறங்கும். அதற்குப் பிறகு வீடு. பெரும்பாலோர் மறுபடி குடிக்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். ஆதரவுக் கூட்டத்தின் வேலையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உலகின் முதல் ஏ.ஏ. கூட்டமே ஒருவர் தவிப்போடு தேடிக் கண்டுபிடித்ததுதான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து வியாபார வேலையாக வந்த பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர், வந்த காரியம் கெட்டு, மேஃப்ளவர் ஓட்டலின் முகப்பில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் பாரிலிருந்து பேச்சும் சிரிப்பும். இன்னொரு பக்கம் டெலிபோனும், அருகில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது விசித்திரமான எண்ணம். குடிக்காமல் தப்பிக்க வேண்டுமானால் எனக்கு ஒரு டாக்டரோ போதகரோ போதாது, இன்னொரு குடிகாரன் வேண்டும். பட்டியலைப் பார்த்துப் போன் போட ஆரம்பித்தார். ஒருவர் மற்றொருவரைக் கைகாட்ட, மே 12ஆம் தேதி மாலை, பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் முன் போய் உட்கார்ந்தார். பதினைந்து நிமிடம்தான் தருவேன் என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்தார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாக ஏ.ஏ. குறித்து வைத்திருப்பது 1935 ஜூன் 10. அதுவே அமைப்பின் பிறந்தநாள்.

இதில் அறிவியல்காரர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய மாதங்களில் வில்சன் நியூயார்க்கில் பல குடிநோயாளிகளிடம் பேசிப் பார்த்திருந்தார். ஒருவரும் குடியை விடவில்லை. ஆனால் பேசிய அவர் குடிக்கவில்லை. உதவுகிறவருக்கே உதவி கிடைக்கிறது என்ற இந்தக் கண்டறிதலை எண்களால் நிறுவ எழுபது ஆண்டுகள் ஆயின. அந்த எண்களைப் பிறகு சொல்கிறேன்.

இந்தியாவுக்கு ஏ.ஏ. வந்தது 1957இல், பம்பாய் வழியாக. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போகிறவர் என்ன பார்ப்பார்? பெரும்பாலும் ஒரு தேவாலயத்தின் அல்லது பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளும் பன்னிரண்டு மரபுகளும் எழுதிய பதாகை. ஒரு ஓரத்தில் டீ கேன், பிஸ்கட். வாசலில் யாரும் பெயர், விலாசம், ஆதார் எண் கேட்பதில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பப்பட்டால் பத்து ரூபாய் போடலாம், போடாமலும் விடலாம். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. கூட்டங்களில் இரண்டு வகை. மூடிய கூட்டத்துக்குக் குடிநோயாளிகள் மட்டும் வரலாம். திறந்த கூட்டத்துக்கு மனைவி, மகன், டாக்டர், இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆர்வத்தில் வருபவர் யாரும் வரலாம். தயங்குகிறவருக்குத் திறந்த கூட்டமே நல்ல வாசல்.

ஒருவர் எழுந்து, பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்பார். எல்லோரும் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். பிறகு பேச்சு. மேடைப் பேச்சு அல்ல. பாட்டிலை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தது, ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்கவிட்டது. மகள் பரீட்சைக்குக் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போனது. காலையில் எழுந்ததும் முந்தின இரவு யாரை என்ன சொன்னோம் என்று தெரியாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தே ஊகிக்க முயன்றது. குறுக்கே யாரும் பேசமாட்டார்கள். புத்திமதி சொல்லமாட்டார்கள். முடித்ததும் அடுத்தவர். பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் புதியவருக்கு அப்போது ஒன்று நடக்கிறது. உலகத்தில் தான் ஒருவன் மட்டுமே செய்த கேவலம் என்று நினைத்துப் பூட்டி வைத்திருந்ததை, இஸ்திரி போட்ட சட்டையுடன் முன்னால் நிற்கும் ஒரு மனிதர் சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் குடித்து எட்டு வருடம் ஆகிறது என்றும் சொல்கிறார். கூனிக்குறுகல் குடிக்குப் பெரிய தீனி. அது குறைகிற இடம் இது.

புதியவர் முதல் நாள் பேசவே வேண்டாம். கேட்டுவிட்டு எழுந்து போகலாம். ஆனால் போவதற்கு முன் யாராவது ஒருவர் போன் நம்பரை நீட்டுவார், ‘கை போற மாதிரி இருந்தா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் கூப்பிடு’ என்பார். பின்னாளில் ஸ்பான்சர் என்ற துணையாக அவரே மாறக்கூடும்.

இதெல்லாம் மனதுக்கு இதமாக இருக்கிறது, உண்மையில் பயன் உண்டா என்று கேட்பது நியாயம். நெடுங்காலம் மருத்துவ உலகம் தயங்கியே நின்றது. பெயர் இல்லாத, பதிவேடு இல்லாத ஓர் அமைப்பை எப்படி அளப்பது? தானாக விரும்பிப் போகிறவர்கள் ஏற்கெனவே உறுதி படைத்தவர்களாக இருந்தால், வெற்றி கூட்டத்தினுடையதா, உறுதியினுடையதா? 2006இல், பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு, ஏ.ஏ. மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்லத் தெளிவான சான்று இல்லை என்றது. பிறகு வந்த ஆய்வுகள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை முறையாக ஏ.ஏ. பக்கம் அழைத்துச் சென்றன. 2020இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெரி ஆகியோர் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளை அலசிப் புதிய காக்ரேன் மதிப்பாய்வை வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தவர்கள், ஏ.ஏ. வழியில் இணைக்கப்பட்டவர்களில் சுமார் 42 சதவீதம். மற்ற நல்ல சிகிச்சைகள் பெற்றவர்களில் 35. இந்த வித்தியாசம் மலையளவு பெரிதில்லை. ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் சிகிச்சையே இல்லாதவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற நிபுணர்களிடம் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள். டீச் செலவு மட்டுமே உள்ள ஒரு கூட்டம் அவர்களை முந்துகிறது என்பது எனக்கு மிகப் பெரிய சேதியாகவே படுகிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது.

அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, எது வேலை செய்கிறது என்ற ஆராய்ச்சி. அமெரிக்க அரசின் உதவியோடு 1,726 பேரை வைத்து நடந்த ‘புராஜெக்ட் மேட்ச்’ என்ற ஆய்வின் முதல் முடிவுகள் 1997இல் வந்தன. மூன்று வகைச் சிகிச்சைகளும் ஏறக்குறைய சமம் என்றன. பலரும் ஏமாந்து போனார்கள். ஆனால் மூன்றாண்டு கழித்துப் பின்தொடர்ந்தபோது ஒரு பிரிவினரிடம் தெளிவான வேறுபாடு தெரிந்தது. யாருடைய நண்பர்களும் உறவினர்களும் குடிக்கு ஆதரவானவர்களோ, அவர்களுக்கு ஏ.ஏ. பக்கம் அழைத்துச் சென்ற சிகிச்சை, மனத்தூண்டல் சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தந்திருந்தது. சுற்றமே குடிக்கிற இடத்திலிருந்து வந்தவருக்கு, குடிக்காத ஒரு சுற்றத்தை ஏ.ஏ. கொடுத்தது. மார்க் லிட்டும் அவருடைய குழுவினரும் கனெக்டிகட்டில் நடத்திய இன்னொரு ஆய்வு இதை ஆளெண்ணிக்கையாகவே சொன்னது: ஒருவரின் நட்பு வட்டத்தில் குடிக்காத ஒரே ஒரு ஆள் புதிதாகச் சேர்ந்தால், அடுத்த ஓராண்டு அவர் குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 27 சதவீதம் கூடுகிறது.

ஒரே ஒரு ஆள். தீவுக்காரருக்கு இந்த எண் முக்கியம்.

இப்போது கார் நிக்கோபாரின் வாழ்க்கைக்குள் வருவோம். அங்கே தனி மனிதன் என்ற அலகு மங்கலானது. துஹெத் என்ற பெருங்குடும்பம்தான் அடிப்படை. நிலமும் தென்னையும் பன்றிகளும் துஹெத்தைச் சேர்ந்தவை. யாருக்கு எந்தத் தோட்டம், யார் எந்த வேலை என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். ஊருக்கு முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன் என்று தலைவர்கள். கடற்கரையை ஒட்டி எல்பனம் என்ற பொது இடம். கூட்டமும் விருந்தும் படகுக் கொட்டகையும் அங்கே. தென்னை இருக்கிற இடத்தில் கள் இருக்கும். பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடுவதால், காலையில் இறக்கிய இனிப்புப் பதநீர் மாலைக்குள் பீரின் வீரியத்தை எட்டிவிடும். விருந்தில் குவளை கை மாறும். அதை மறுப்பவர் பானத்தை மறுப்பதாக மட்டும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நீட்டிய சித்தப்பாவையும் அண்ணனையும் மறுத்ததாகிவிடுகிறது.

2004 டிசம்பர் 26இன் சுனாமி இந்த ஒழுங்கின் மேல் வந்து விழுந்தது. கரையோர ஊர்கள் அழிந்தன, தென்னந்தோப்புகள் போயின, மக்கள் உள்நிலத்துக்கு நகர்ந்தார்கள். பிறகு இழப்பீடு வந்தது. அதுவரை பணத்தைக் கொஞ்சமாகவே புழங்கிய சமூகத்தின் கையில் ரொக்கமாக. நிக்கோபார்களில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் சிம்ரன் ஜித் சிங், உதவி வந்த விதமே இரண்டாவது பேரிடராக மாறியதை எழுதியிருக்கிறார். பெருங்குடும்பம் சிறு குடும்பங்களாகத் துண்டானதும், மது பெருகியதும் அவர் காட்டும் சித்திரத்தில் அடக்கம். இதைப் படித்துவிட்டுப் பழங்குடியினரின் பலவீனம் என்று தலையாட்டுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். உற்றாரையும் தோப்பையும் ஒரே காலையில் இழந்து, கையில் வேலையில்லாமல், பையில் பணத்தோடு நின்றால் மாம்பலத்திலும் மதுரையிலும் இதுதான் நடக்கும். அந்தத் தீவில் குடிப்பவர்கள் நிக்கோபாரியர்கள் மட்டுமல்லர். குடும்பத்தைப் பிரிந்து ஒப்பந்த வேலைக்கும் அரசு வேலைக்கும் வந்து தகரக் கூரைக்கடியில் மாலையைக் கழிப்பவர்களிலும் இந்த நோய் உண்டு. அவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

அதே சுனாமிக்குப் பின் அங்கே போன பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் இன்னொரு முகத்தையும் பதிவு செய்தார்கள். கூட்டுக் குடும்ப அமைப்பும் ஊர்ப் பிணைப்பும் மக்களைத் தாங்கிப் பிடித்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளை உறவே ஏந்திக்கொண்டது. குவளையை நீட்டுகிற அதே கை பிள்ளையையும் ஏந்துகிறது. ஃப்ராமிங்ஹாம் இதய ஆய்வில் 12,067 பேரின் முப்பதாண்டுத் தொடர்புகளை நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ் குழு ஆராய்ந்து 2010இல் சொன்னதும் இதன் பொதுவடிவம்தான். நெருங்கிய ஒருவர் கடுமையாகக் குடித்தால் நீங்களும் அப்படிக் குடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுகிறது. நெருங்கிய ஒருவர் குடிக்காதவரானால் நீங்களும் குடிக்காமலிருக்கும் வாய்ப்பு 29 சதவீதம் கூடுகிறது. தொற்று இரு திசையிலும் ஓடும். உறவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வேகமாக ஓடும்.

ஆனால் ஓர் இடைஞ்சல். ஏ.ஏ.வின் பெயரிலேயே அநாமதேயம் இருக்கிறது. எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஊரில் எப்படி அநாமதேயமாக ஒரு கூட்டத்துக்குப் போவது? தேவாலயத்தின் பக்கத்து அறைக்குள் நுழைவதற்குள் பெர்காவிலிருந்து மூஸ் வரை செய்தி போய்விடும்.

இதற்கு ஒரு சிறு ஊர் பதில் வைத்திருக்கிறது: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அல்கலி லேக் என்ற இடம். செக்வெபெம் பழங்குடியினர் சில நூறு பேர் வாழும் ஒதுக்கீட்டு ஊர். அங்கே பெரியவர்களில் குடிக்காதவர் என்று ஏறத்தாழ ஒருவரும் இல்லாத நிலை. 1972இல் ஃபில்லிஸ் செல்சீ என்ற தாய் குடியை விட்டார். பாட்டி வீட்டில் விட்டிருந்த மகள், நீங்கள் குடிக்கிறீர்கள், வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னதுதான் காரணம். சில நாட்களில் கணவர் ஆண்டியும் விட்டார். வாரந்தோறும் ஒரு கூட்டம். நெடுநாள் வரை அதில் அவர்கள் இருவரும் இன்னும் ஓரிருவரும் மட்டுமே. ஒளிவு மறைவு எதுவும் சாத்தியமில்லை; ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, கேலியும் செய்தது. ஆனால் ஊர் பார்த்ததே பின்னால் பலமாயிற்று. ஆண்டி ஊர்த்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கள்ளத்தனமாக மது கொண்டுவந்து விற்றவர்களைத் தடுத்தார். சிகிச்சைக்குப் போனவர் திரும்பி வரும்போது வீடு பழுது பார்த்து வைக்கப்பட்டிருக்கும், வேலை காத்திருக்கும். 1980களின் நடுவில் ஊரில் பெரும்பாலோர் குடியை விட்டிருந்தார்கள். அந்தக் கதையைத் திரைப்படமாக எடுத்தபோது ஊர்க்காரர்களே தங்கள் பழைய குடிகாலத்தை நடித்துக் காட்டினார்கள். அவர்கள் காத்த ரகசியம் வேறு வகை. யார் வருகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும்; உள்ளே என்ன சொன்னார்கள் என்பது வெளியே போகாது. சிறு ஊருக்கு அந்த இரண்டாவது ரகசியமே போதும், அதைக் காப்பதும் முடிகிற காரியம்.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் நடத்தத் தொடங்கியது. பட்டணத்து மருத்துவமனைக்கு வர முடியாத விவசாயக் கூலிகளை, ஊருக்குள்ளேயே பதினைந்து நாள் ஒன்றாகத் தங்க வைத்துச் சிகிச்சை. இடமும் சாப்பாடும் ஊரார் பொறுப்பு. குடும்பத்தாருக்கும் தனியே அமர்வுகள். முந்தைய முகாமில் விட்டவர்கள் அடுத்த முகாமுக்கு ஆள் கூட்டி வந்தார்கள். இங்கும் மறைவு என்பதே இல்லை. யார் முகாமில் இருக்கிறார் என்பது டீக்கடை வரை தெரியும். ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாகத் திரும்பியதால், வெளியே வந்த மறுநாள் சேர்ந்து உட்கார ஆள் இருந்தது.

கார் நிக்கோபாரில் இதை யோசித்தால், தொடங்க வேண்டிய இடம் துஹெத்தின் மூத்தவர் என்று நான் நினைக்கிறேன். விருந்தில் குடிக்காதவனுக்கு இளநீர்க் குவளையை அவரே முதலில் எடுத்துக் கொடுத்தால், மறுப்பு என்ற அவமதிப்பு அங்கேயே கரைந்துவிடும். அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். கூட்டம் நிக்கோபாரி மொழியிலேயே நடக்க வேண்டும். வெட்கத்தை அயல்மொழியில் முழுசாகச் சொல்ல முடியாது.

அதுவரை தனியாக இருப்பவருக்கும் வழி உண்டு, புதிதும் அல்ல. 1946இலேயே ஜாக் என்ற எண்ணெய்க் கப்பல் மாலுமி, துறைமுகம் துறைமுகமாக அலைகிற தனக்குக் கூட்டம் ஏது என்று ஏ.ஏ. அலுவலகத்துக்கு எழுதப்போய், கப்பலோட்டிகளும் தூரதேசத்தில் தனித்திருப்பவர்களும் கடிதங்களாலேயே கூட்டம் நடத்தும் பழக்கம் உருவாயிற்று. இன்றைக்குக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபாருக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடி இழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அது தொடும் தீவுகளில் கார் நிக்கோபாரும் ஒன்று. பெருந்தொற்றுக் காலத்தில் ஏ.ஏ. கூட்டங்கள் இணையத்துக்கும் வந்துவிட்டன. தமிழில், இந்தியில், ஆங்கிலத்தில் செல்போனிலேயே சேரலாம், கேமராவை அணைத்து வைத்துக் கேட்கலாம். எங்கே எப்போது என்று தெரியாதவர் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐ அழைக்கலாம். மனசு தாங்காத இரவில் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. அங்கே தமிழிலும் பேசலாம். எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஓர் உதவி கிடைக்கிறது. தீவு, தலைநகரம் என்று பாராமல் மற்ற 37 பேருக்கும் முதல் படி ஒரு போன்தான்.

இதில் தீவின் புவியியல் குறுக்கிடும் ஓர் இடத்தைக் கவனிக்க வேண்டும். கார் நிக்கோபாரும் சென்னையும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன, ஆனால் சூரியன் அங்கே ஏறத்தாழ 50 நிமிடம் முந்தி மறைந்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஐந்தேகாலுக்கே இருட்டத் தொடங்கும். சென்னைக்காரர்கள் ஏழு மணிக்கு வைக்கும் இணையக் கூட்டத்துக்கு முன், தீவில் குடிக்கு உரிய நேரம் இரண்டு மணி நேரம் ஓடி முடிந்திருக்கும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நிலைகள் என்று ஏ.ஏ.காரர்கள் சொல்வார்கள்; அந்த நான்கும் கூடுகிற வேளை அது. அந்த இடைவெளியைக் கம்பியால் நிரப்ப முடியாது. அங்கேயே ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதற்கு, முன்னால் நிறுத்தி வைத்த எண்கள் பதில் சொல்கின்றன. ஆய்வாளர் மரியா பகானோ 2004இல் புராஜெக்ட் மேட்ச் தரவுகளை மறுபடி எடுத்து, சிகிச்சை முடிந்தபின் மற்ற குடிநோயாளிகளுக்கு உதவத் தொடங்கியவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தார். அடுத்த ஓராண்டு குடிக்காமல் இருந்தவர்கள், உதவியவர்களில் 40 சதவீதம், உதவாதவர்களில் 22. ஆக்ரன் ஓட்டலில் வில்சன் தன் அனுபவத்தால் ஊகித்தது இதையே. எனவே மலாக்கா மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் முதல் நபர் பூரண குணமாகும்வரை காத்திருந்து பிறகு அடுத்தவருக்குக் கைகொடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. ஒரு மாதம் குடிக்காமல் கடந்திருந்தாலே போதும். வார்டில் கை நடுக்கத்தோடு படுத்திருக்கும் அடுத்தவரின் கட்டிலருகே ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்து, தன் கதையை மட்டும் சொல்லிவிட்டு, நாளைக்கும் அதே நேரத்துக்கு வருவதாகச் சொல்லலாம். வீட்டாருக்கும் தனிக் கூட்டம் வேண்டும். 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ், இன்னொரு ஏ.ஏ. உறுப்பினரின் மனைவியோடு சேர்ந்து தொடங்கிய அல்-அனான் அதற்கானது. அதைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில்.